ரத்தம்தான் தப்பு

அந்த வார்டின் தலைமை மருத்துவருக்கு முதுகுக்குப் பின்னால் ‘கணிப்பு’ என்று பெயர். வயது, எடை, கிரியாட்டினின் மூன்றையும் தட்டினால், ஊசி மருந்து ரத்தத்தில் எவ்வளவு நிற்கும் என்று சொல்லும் புரோகிராம் ஒன்றை அவரே எழுதியிருந்தார். பெற்ற பிள்ளையைக்கூட மனிதர் அப்படிக் கொஞ்சியிருக்க மாட்டார்.

ஏழாம் கட்டிலில் இடுப்பெலும்பில் சீழ் பிடித்துக் கிடந்த அம்மாவுக்கு, சேர்ந்த அன்று கிரியாட்டினின் 0.4. தசையிலிருந்து வரும் கழிவு அது. சிறுநீரகம் ஒழுங்காக வேலை பார்த்தால் ரத்தத்தில் குறைவாக இருக்கும். ஆறு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து எலும்பும் தோலுமானவரிடம் தசைக்கு எங்கே போவது? புரோகிராமுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. இருபது வயதுச் சிறுநீரகம் என்று முடிவுகட்டி, எட்டு மணிக்கொரு தடவை ஒரு கிராம் போடச் சொன்னது.

மூன்றாம் நாள் மாலை, மகள் வார்டு மருந்தாளரிடம் வந்தாள். “அக்கா, காலையிலேருந்து அம்மாவுக்கு ஒண்ணுக்கே சரியா வரல.”

மருந்து தேங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதோ என்று மருந்தாளருக்குச் சந்தேகம். உடனே ரத்தம் எடுக்க வைத்தாள். ரத்தத்தில் மருந்தின் அளவு என்று புரோகிராம் கணித்திருந்தது பதினைந்து. லேப் சொன்னது நாற்பத்திரண்டு.

“ரத்தம் தப்பு,” என்றார் கணிப்பு.

“ரத்தம் எப்படி சார் தப்பாகும்?”

“எடுத்த நேரம் தப்பா இருக்கும். மறுபடி எடுக்கச் சொல்லுங்க. சரியான நம்பர் வர்ற வரைக்கும் அடுத்த டோஸ் கிடையாது.”

சண்டைக்குத் தயாரானவள் வாயை மூடிக்கொண்டாள். கெஞ்சிக் கேட்க இருந்ததை அவரே தூக்கிக் கொடுத்துவிட்டார்! உடம்பில் தேங்கிய மருந்தே கிருமிக்குத் தாராளம். சிறுநீரகம் கொஞ்சம் மூச்சு விடட்டும்.

மறுநாள் காலை முப்பத்தொன்று. “இன்னும் தப்பு.” “ஆமா சார், ரொம்பத் தப்பு,” என்று அவளும் ஒத்து ஊதினாள். மாலையில் இருபத்தாறு. “அந்தம்மா உடம்புல கொஞ்சம் ரத்தத்த விட்டு வைங்கம்மா!” என்று லேப்காரர் போனில் கத்தினார். அதற்கடுத்த நாள் மாலை பதினைந்தே முக்கால்.

கணிப்பு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “பாத்தீங்களா! ஒரு புள்ளி பிசகல. போடுங்க, பழையபடி எட்டு மணிக்கொரு தடவை.”

இனி ஒத்து ஊத முடியாது. வேலை போனால் போகட்டும் என்று துணிந்தாள். “சார், ரெண்டு நாளா மருந்தே போடல, அதான் இறங்கியிருக்கு. திரும்பப் போட்டா நாப்பதுக்கு ஏறிடும். கிட்னி போயிடும் சார்.”

கிட்னி அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. “நாப்பதா? அப்ப என் ரிசல்ட்?”

“கெட்டுப் போயிடும் சார்.”

அவருடைய முகம் தொங்கிப்போனது. “அப்படின்னா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை போதும். அதுவும் ரத்தம் பாத்துட்டு. ஆனா பொருந்திடுச்சுன்னு எழுதிக்குங்க.”

அப்போது மகள் அளவுக் குவளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “அக்கா, முந்நூறு மில்லி! ஒரே தடவையில!”

மருந்தாளர் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாள். கணிப்பு குவளையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அதில் மேலும் கீழும் தேடினார்.

“இதுக்குக் கட்டமே வைக்கலையேம்மா,” என்றார். “எங்க போடுறது?”