ரம்பா என்று படிக்க வேண்டிய இடம்

2007 மார்ச் 9, வெள்ளி. பிழை: கூம்பாவின் நாவலை அம்மாவுக்கு வாசித்தபோது ஒரு சொல்லைத் திருத்திவிட்டேன். கட்டடத்தில் மிதக்காதவர் அம்மா ஒருவர்தான்.

இதை எழுதும்போது ஜெனேபா தன் காலை மேசைக் காலோடு கட்டியிருந்தாள். பாரிசின் வடக்குப் புறநகரில், அவள் குடியிருக்கும் கட்டடத்துப் பிள்ளைகள் சொற்களைத் திருப்பிப் போட்டுத்தான் பேசுவார்கள். பாரம் அவர்கள் வாயில் ரம்பா. சொல் திரும்பினால் பொருளும் திரும்பும். மனசை லேசாக்குவதெல்லாம் ரம்பா. அவள் தங்கை கூம்பா அந்தப் பேச்சிலேயே, படிக்கட்டில் திருடியும் முத்தமிட்டும் அடித்துக்கொண்டும் வளரும் பிள்ளைகளைப் பற்றி நாவல் எழுதினாள். இதுவும் ஒரு மொழியா என்று தொலைக்காட்சியில் சண்டை போட்டார்கள். புறநகருக்கே அவமானம் என்று நகரசபை அதை நூலகத்திலிருந்து எடுத்தது. கட்டடத்தில் சண்டைக்கு நேரமில்லை. ரம்பா என்ற இடத்தைப் படித்தவர்களும் கேட்டவர்களும் தரையை விட்டுக் கிளம்பினார்கள். கசாப்புக்கடை கரீம் மூன்றாம் மாடி உயரத்தில் நின்று கறி வெட்டினார். மூன்று வருடமாக ஓடாத லிஃப்டைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை.

அலுவலகங்களைத் துடைத்துப் பிழைக்கும் அம்மா சிராவுக்கு எழுத்து தெரியாது. ஜெனேபா மாலை வகுப்பில் இலக்கணம் படிப்பவள், வாசிக்கும்போது வாய் தானாகவே திருத்தியது: “எங்கம்மா ரயில்ல வாயத் தொறந்துட்டுத் தூங்குவா. எங்கம்மா பாரம்.” அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து கூம்பாவோடு பேசவில்லை. கூம்பா தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்; அங்கிருந்து அழைத்தாலும் அம்மா எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், ஜெனேபா இந்தக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது, கரீம் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“சிராக்கா, உங்களப் போயி ரம்பான்னு எழுதியிருக்கா பாருங்க, குடுத்து வச்சவங்க!”

அம்மா திரும்பினார். “நீ என்னடி படிச்சே அன்னிக்கி?”

“பாரம்னும்மா. நான்தான் நேராக்கிட்டேன். அவ எழுதினது, எங்கம்மா ரம்பா…”

“படிக்க அனுப்பினா அர்த்தத்தயே தின்னுட்டு வந்திருக்கே!” என்று சொல்லும்போதே அம்மாவின் செருப்பு கழன்று விழுந்தது. பாதி வழியில் சிரிக்க ஆரம்பித்தார். தலை கூரையில் இடித்தும் நிறுத்தவில்லை. “அடியே, குழம்பு அடிபிடிக்குது, எறக்கு! அந்தப் போனை மேல போடு!”

போனைப் பிடித்ததும் கூம்பாவை அழைத்து அதட்டினார். “ரயில்ல வாயத் தொறந்துட்டுத் தூங்கறேன்னு ஊருக்கே எழுதுவியாடி? ரம்பாவாமில்ல, ரம்பா! அழுதது போதும். நாளைக்கு ராத்திரி சாப்பிட வீட்டுக்கு வா.”

ஜெனேபா குழம்பை இறக்கிவிட்டுக் குறிப்பை முடித்தாள். நாளை: சாப்பாட்டு மேசையைக் கூரையில் பொருத்த ஆணி வாங்க வேண்டும். எட்டு. போதுமா என்று கரீமிடம் கேட்க வேண்டும்.