சிவப்பு மூடி

என் முழுப்பெயர் செந்தமிழ்ச்செல்வி. பெயரிலும் செல்வி, நிரப்புகிற படிவத்திலெல்லாம் செல்வி. முப்பத்தெட்டு வயதில் இதைச் சொல்லி யாராவது என்னிடம் சிரித்தால் ஊசி சற்று ஆழமாகவே இறங்கும். ரெட்டியார்பாளையத்தில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிறேன்.

நேற்று காலை பதினொரு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு விஜயராகவன் வந்தார். எட்டு வருஷம் ஆயிற்று பார்த்து. அப்போது டெஸ்ட் கிட் விற்கும் கம்பெனி ரெப். மாதம் இரண்டு முறை வருவார். கிட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் சீட்டை வரி வரியாகப் படித்துக் காட்டுவார். நான் சீட்டைக் கவனித்தது கொஞ்சம், அவர் முகத்தைக் கவனித்ததுதான் அதிகம். ஒரு நாள், "அடுத்த தடவ வரும்போது உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், செல்வி மேடம்" என்றார். அடுத்த தடவை வேறு ரெப் வந்தான். பாவி மனுஷன்!

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினார். ஹெர்பிஸ் ஐஜிஜி, டைப் ஒன், டைப் டூ. முத்தத்திலும் படுக்கையிலும் ஒட்டிக்கொள்ளும் வைரஸுக்கான டெஸ்ட்.

"ரிப்போர்ட்ட வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க மேடம். இப்ப காலாப்பட்டுல வேல."

"கல்யாணமா சார்?"

"இன்னும் கேக்கல. ரிசல்ட் தெரிஞ்சாதான் கேக்க முடியும்."

எவளோ ஒருத்தி. கொடுத்து வைத்தவள்.

கையில் ரப்பரைக் கட்டினேன். தட்டில் ஊதா மூடி டியூபும் இருந்தது, சிவப்பு மூடி டியூபும் இருந்தது. நாங்கள் இன்னும் வாங்குவது அவருடைய பழைய கம்பெனி கிட்தான், அதற்கு எதுவானாலும் சரி. ஊதாவில் மருந்து இருக்கிறது, ரத்தம் உறையாது, உடனே மெஷினில் போட்டுச் சுற்றலாம். சிவப்பில் எடுத்தால் ரத்தம் உறைய அரை மணி நேரம் நிற்க வேண்டும். டியூப்தான் நிற்க வேண்டும், ஆள் இல்லை. என் கை சிவப்புக்குப் போனது.

"அர மணி நேரம் உக்காருங்க சார். சரியா உறையலன்னா திரும்ப எடுக்கணும்."

கூசாமல் சொன்னேன். இத்தனை வருஷத்துக்கு அரை மணி நேரமாவது எனக்கு வேண்டும்.

உட்கார்ந்தார். என்ன ஆச்சு, ஏன் போனீர்கள் என்று கேட்டே விட்டேன்.

"அப்ப உதட்டுல கொப்புளம் வந்துச்சு. வந்து வந்து போச்சு. ஒட்டிக்கும், ஜென்மத்துக்கும் போகாதுன்னு நெட்ல படிச்சேன். ஒரு பொண்ணு வாழ்க்கைய ஏன் கெடுக்கணும்? கிட் விக்கத் தெரிஞ்சுது, டாக்டர்கிட்ட போகத் தெரியல. போன வாரம்தான் போனேன்."

"லூசா சார் நீங்க? உதட்டுக் கொப்புளத்துக்கா ஓடினீங்க? டைப் ஒன் பாதி ஊருக்கு இருக்கும்! நீங்க போனப்புறம் உங்க ஹெர்பிஸ் கிட் புது பேட்ச் வந்துச்சு, செக் பண்ண என் ரத்தத்ததான் போட்டேன். எனக்கே பாசிட்டிவ்."

எனக்கு அழுகையாக வந்தது. அரை மணி நேரமும் ஆகியிருந்தது. திரும்பி நின்று டியூபைச் சாய்த்துப் பார்த்தேன்.

"உறைஞ்சிடுச்சு. நீங்க போலாம்."

கதவுவரை போனவர் நின்றார்.

"ஊதா மூடியே போதும்னு கிட்டோட சீட்டுல இருக்கு. நான்தான படிச்சுக் காட்டினேன்?"

எனக்குக் காதெல்லாம் சுட்டது. "தெரிஞ்சேவா உக்காந்தீங்க?"

"காலாப்பட்டுலேர்ந்து இங்க வர்ற வழியில வேற லேப்பே இல்லயா, செல்வி?"

மேடத்தைக் காணோம்.

"ரிப்போர்ட்ட வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு நானே வரேன். அன்னிக்குக் கேக்காம விட்டதக் கேக்கணும்."

இன்று மணி பத்தே முக்கால். ரிப்போர்ட்டை மடித்து டிராயரில் வைத்திருக்கிறேன். டைப் ஒன் பாசிட்டிவ், என்னுடையதைப் போலவே. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறேன். எட்டு வருஷம் எப்படியோ போய்விட்டது. இந்தக் கால் மணி நேரம்தான் போக மாட்டேன் என்கிறது.