பின்னறைக்கு வந்த அருவி

மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டிய வாரத்தில், மலைமேல் இருந்த சின்ன அருவி தன் பாறையை விட்டுவிட்டு, விடுதித் துணி துவைக்கிறவளின் பின்னறைக்குக் குடிவந்தது. தகரக் கூரையில் ஓட்டை எதுவும் இல்லை. கூரைக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் தொடங்கி, துவைக்கும் கல்லின்மேல் விழுந்து, சோப்புத் தண்ணீர் போகும் அதே குழாய் வழியாக வெளியே போயிற்று. சத்தம் மட்டும் இல்லை. பாறையில் இருந்த காலத்திலும் அதற்குச் சத்தம் இருந்ததில்லை. கொட்டும், சிதறும், ஒரு முணுமுணுப்புகூட எழாது. பக்கத்தில் நின்று பேசுகிறவர்களுக்கு உதடு அசையும், அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் இதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. அவள் மட்டும் வாரம் ஒருமுறை ஏறிப்போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாள். பகலெல்லாம் விடுதியில் துணி துவைக்கும் மெஷின் காதைக் குடையும். வீட்டுக்கு வந்தால் ஜீப் ஓட்டும் கணவன். அவனுக்கு ஊரில் ஹாரன் என்று பெயர். உப்பு கேட்கவும் ஊரைக் கூட்டவும் அவனிடம் ஒரே குரல்தான் இருந்தது.

விடுதி அவளுடைய அண்ணனுடையது. விடுதி முதலாளிகள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். மழை நின்றதும் பெரிய இடங்கள் சலித்துப்போன ஒரு கூட்டம் மலையேறும். அமைதியான இடமாகக் காட்டுங்கள் என்று கேட்கும். அவர்களுக்கென்று ஒரு பாசிப் பாறை, பள்ளத்தில் நாலு மஞ்சள் பூ, இந்த அருவி. அமைதியைத் தேடி வந்தவர்கள் கையோடு பாட்டுப் பெட்டியும் கொண்டுவந்தார்கள். அருவிக்கு முதுகைக் காட்டி நின்று வீடியோ எடுத்தார்கள். எடுத்ததில் சத்தம் பதியவில்லை என்று விடுதிக்கு வந்து சண்டை பிடித்தார்கள். அருவி ரிப்பேர் என்று ஒருவர் புகாரே எழுதினார். அண்ணன் தன்னிடம் இருந்த மூளையை எல்லாம் செலவழித்து ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கோ இருந்த வேறொரு அருவியின் இரைச்சலைப் பதிவுசெய்து வரவழைத்து, மரத்தில் ஒலிபெருக்கி கட்டிப் போட்டார். அதையும் அருவி விழுங்கிவிட்டது. இன்னொன்று கட்டினார்கள். நான்காவது கட்டியபோது இரைச்சல் கேட்டது. சங்கத்தார் கைதட்டினார்கள். அன்று சாயங்காலமே அருவி கிளம்பிவிட்டது. எந்த வீட்டுக்குப் போவது என்று அது குழம்பியதாகத் தெரியவில்லை. தன்னிடம் எதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தவள் அந்த ஊரில் ஒருத்திதான்.

அருவியின் மௌனம் பின்னறையோடு நிற்காமல் வாசற்படிவரை பரவியது. ஹாரன் வீட்டுக்குள் கத்திப் பார்த்தான், மூச்சுதான் வாங்கியது. சண்டை பிடிக்க வேண்டுமென்றால் தெருவில் இறங்கி, வீட்டைப் பார்த்துத் தனியாகக் கத்த வேண்டும். எதிர்வீட்டார் நாற்காலி போட்டுப் பார்க்க ஆரம்பித்ததும் அதையும் விட்டுவிட்டான். அவள் அந்த வாரம் நிம்மதியாகத் துணி அலசினாள். இப்படி ஒரு வாரத்தை அவள் கல்யாணத்துக்குப் பிறகு கண்டதில்லை. ஆனால் ஹாரனுக்கு வயிற்றில் எதுவும் தங்காது. நேரே மச்சானிடம் போய், "ஒங்க அருவி எங்க வீட்லதான் மச்சான் இருக்கு" என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் அண்ணன் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து தெருவில் நின்றார். அவள் விரிப்பைப் பிழிந்துகொண்டே வெளியே வந்தாள்.

"பின்சுவர இடிச்சுட்டு கம்பி போடப் போறோம். சனம் வந்து பாக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் மெஷின் ரூம்ல படுத்துக்கங்க."

"மெஷின் ரூம்லயா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாண்ணே?"

"ஒங்கிட்ட என்னத்தக் கேக்கிறது?"

"மச்சான் எது சொன்னாலும் நல்லதுக்குத்தான் சொல்வாரு" என்றான் ஹாரன்.

"நீ வாய மூடு. ஒனக்கும் அங்கதான் படுக்க." அவள் விரிப்பை உதறினாள். "சரிண்ணே. தெருவுல நின்னு பேசினா நல்லாவா இருக்கு? உள்ள வந்து உக்காந்து எல்லாத்தையும் வெவரமா சொல்லு. கேட்டுக்கறேன்."

அண்ணன் உள்ளே போய் விவரமாகச் சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது. அவள் தப்புத் தப்பான இடங்களில் தலையாட்டிக்கொண்டே டீ ஊற்றினாள். அவர் கொத்தனாரிடம் சுவரைக் காட்டி ஆணையிட்டார். கொத்தனார் சுவரைப் பார்த்தார், அவர் வாயைப் பார்த்தார், டீயைக் குடித்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விட்டார். தன் குரல் எடுபடாத ஓர் இடத்தில் அண்ணன் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. தொண்டையைத் தடவிப் பார்த்தார். எழுந்து படியிறங்கியதும் முதல் வேலையாக, மைக் சோதிக்கிறவர்போல "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை.

சங்கமும் விஷயத்தைக் கைவிட்டது, ஏனென்றால் மேலே கூட்டம் குறையவே இல்லை. காய்ந்த பாறைக்கு முதுகைக் காட்டி நின்று வீடியோ எடுக்கிறார்கள். நான்கு ஒலிபெருக்கியும் இரைகின்றன. சத்தம் பிரமாதமாகப் பதிகிறதென்று எல்லோருக்கும் திருப்தி. தண்ணீர் இல்லையே என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஹாரன்தான் அவர்களை ஜீப்பில் ஏற்றிப்போய் இறக்கிவிடுகிறான். வீட்டுக்கு வந்தால், உப்பு வேண்டுமென்றால் கையைக் காட்டுகிறான். அவள் கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். பின்னறையில் கொஞ்சம் ஈரம்தான். கொடியில் விரிப்பு காய முன்னைவிட நேரமாகிறது. வேறு தொந்தரவு இல்லை.