முதல் தடவை கேட்டபோது

பெட்டி வாசலில் நுழையவில்லை. ஜப்பானிலிருந்து வந்த பெட்டி, இங்கே செய்கிற பெட்டிகளைவிட ஒரு சாண் அகலம். இரும்புக் கதவைக் கழற்றினால் போய்விடும் என்று சொல்லிவிட்டுக் காளிதாசன் ஸ்பேனர் எடுக்கப் போனார். அதுவரை சிரிலின் மகன் ஷானும் மற்ற ஐந்து பேரும் அவரைச் சுமந்தபடி மலேசியாவின் கூலிம் வெயிலில் நின்றார்கள். ஜானிஸ் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சிரில் அவளுடைய அண்ணன். கம்பெனி பஸ் ஓட்டுநர். இருபத்தாறு வருஷமாகச் செர்டாங் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து ஃபேக்டரியில் ஷிப்டுக்கு இறக்கிவிட்டவர். காளிதாசன் அவருடன் கம்பெனியில் பஸ் ஓட்டியவர். ஜானிஸ் மூன்று வருஷமாக ஜப்பானில் இருக்கிறாள். அவள் வற்புறுத்திக் கூப்பிட்டதால்தான் சிரில் முதல் தடவையாக விமானம் ஏறினார். ஐந்தாம் நாள் இறந்துபோனார்.

வந்தவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்து ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். கொடுத்துவைத்த மனுஷன், தங்கச்சி புண்ணியத்தில் ஆசைப்பட்ட பனியைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்றார்கள். ஜெபம் சொல்ல வந்த பாதரும் அதையே சொன்னார்.

சிரிலின் ஆசை முதல் நாள் காலையிலேயே தீர்ந்துவிட்டிருந்தது. ஜானிஸின் வீட்டு வாசலில் கிடந்த பனியை அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மனைவி கேதரினுக்குப் போட்டோ அனுப்பினார். பிறகு, பசியாற என்ன இருக்கிறது என்று கேட்டார். மலைமேல் இருந்த குடில் ஜானிஸின் ஆசை. அங்கே அவள் இரண்டு தடவை தனியாகப் போயிருக்கிறாள். இரண்டு தடவையும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, நம் ஆள் ஒருவர் கூட இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

ஐந்தாம் நாள் அவரை அங்கே கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மூன்று மணி நேர நடை. பனியில் கால் புதையாமலிருக்க, சப்பாத்துக்கு அடியில் அகலமான பலகைபோல ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். வாத்துமாதிரி நடக்கிறேன் என்று சிரில் சிரித்தார். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பிப் பார்த்தால் கீழே அவர்கள் வந்த கார் இன்னும் தெரிந்தது.

"மூச்சு வாங்குது ஜானிஸ். இன்னொரு நாளைக்கி வருவோமா?"

"பஸ்ஸுலயே ஒக்காந்து பழகிட்டீங்கண்ணே. நடந்தா சரியாயிடும்."

அவர் கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

இரண்டாம் தடவை கேட்டபோது நெஞ்சில் கை வைத்திருந்தார். அப்போது குடில் கூப்பிடு தூரத்தில் இருந்தது. திரும்புவதைவிட அங்கே போவதுதான் சரி. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பிறகு விசாரித்த போலீஸும் டாக்டரும் அதையே சொன்னார்கள். குடிலுக்குள் அவரை உட்காரவைத்து, குனிந்து ஒரு காலின் வாரை அவிழ்த்தாள். அடுத்த காலைத் தூக்கச் சொன்னாள். அவர் தூக்கவில்லை. ஆட்கள் வந்து சேர ஒன்றரை மணி நேரமாயிற்று.

எல்லாரிடமும் இரண்டாம் தடவையைப் பற்றி மட்டுமே சொல்லியிருந்தாள். அதற்கு முன்னால் ஒரு தடவை உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

கேதரின் கேட்டாள். பெட்டியைக் கூடத்தில் வைத்து ஜெபமாலை ஆரம்பித்த பிறகு, அவரது கையில் வைக்கச் சிலுவை எடுக்கவேண்டுமென்று ஜானிஸை அறைக்குள் அழைத்துப் போனாள். அலமாரியைத் திறந்தபடியே கேட்டாள்.

"குடிசைகிட்ட போனப்பதான் நெஞ்சு வலிக்குதுன்னாருன்னு சொன்ன. அதுக்கு முன்ன வழியில என்ன பேசிட்டு வந்தாரு?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. புருஷன் கடைசியாகப் பேசியதை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சேர்த்துவைத்துக்கொள்ளவே கேட்டாள். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்பதுதான் அந்தக் கேள்வி. சொன்னார் அண்ணி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஜானிஸ் நடந்ததைச் சொன்னாள். தான் சொன்ன பதிலையும் சொன்னாள்.

கேதரினின் கை அலமாரியிலேயே நின்றது. கூடத்தில் ஜெபமாலையின் பத்து மணிகளுக்கான ஜெபம் முழுக்க ஓடி முடிந்தது.

"அங்கேருந்து காரு தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு அண்ணி."

கேதரின் சிலுவையை எடுத்து முந்தானையில் துடைத்தாள். இரண்டு பக்கமும் துடைத்தாள்.

"ஷான்கிட்ட சொல்லிடாத" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

பூசை முடிந்து கல்லறைக்குக் கிளம்பும்போது மணி மூன்று. பெட்டி ஏற்றிய வண்டிக்குப் பின்னால் குடும்பத்துக் கார் நின்றது. ஷான் முன்னால் ஏறிக்கொண்டான். கேதரின் பின்னால் ஏறினாள். ஜானிஸ் அடுத்த பக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தாள். கேதரின் அவளைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கைப்பையை எடுத்துப் பக்கத்து இடத்தில் வைத்தாள்.

ஜானிஸ் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

கம்பெனி ஒரு பஸ் அனுப்பியிருந்தது. ஷிப்டு முடிந்து வந்தவர்கள் யூனிபாரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். படியேறி வந்தவளைக் கண்டு காளிதாசன் முன்னால் நின்ற குடும்பத்துக் காரைப் பார்த்தார். பிறகு இஞ்சினைக் கிளப்பினார். நடு வரிசையில் ஓர் அம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அண்ணன பனி பாக்க கூட்டிட்டுப் போன தங்கச்சி நீதானம்மா?"

ஜானிஸ் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த அம்மா நகர்ந்து, ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தார்.