சங்கு குளிப்பவர்களின் காது

சாத்தான்குளத்து ஈவாஞ்சலின் தூத்துக்குடியில் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட். கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர்களின் செவித்திறன் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய, உதவித்தொகையோடு கூடிய இடம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள்.

சென்னையில் நடந்த நேர்காணலில் குழுத் தலைவர், "படகு முதலாளிகள் ஒத்துழைக்கிறார்களா?" என்று கேட்டார்.

"யாருக்குக் காது மந்தம்னு பேரைச் சொன்னா ஒத்துழைப்பாங்களாம் சார். நான் முடியாதுன்னுட்டேன்."

"அப்போ ஆட்கள்?"

"வீடு வீடாப் போவேன்."

தலைவர் கோப்பை மூடிவைத்து, "நீங்கள் போகலாம்" என்றார். இடம் போயிற்று என்று நினைத்துத்தான் ஊர் திரும்பினாள். ஆனால் தேர்வாகிவிட்டதாகத் தகவல் வந்தது.

சந்தோஷம், சங்கு குளிப்பவர்கள் வாழும் திரேஸ்புரம் போகும்வரைதான். எந்த வீட்டிலும் அவளை உள்ளே விடவில்லை. சூசை மிக்கேல் என்பவர் வாசலிலேயே மறித்தார்.

"செவிடுன்னு தெரிஞ்சா எவன் என்னைப் போட்டுல ஏத்துவான்? போம்மா."

"உங்க பேரு வெளிய போகாது அண்ணாச்சி. முதலாளிமார் கேட்டும் மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வாரேன்."

அவர் நம்பவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி சத்தமாகச் சொன்னாள்: "அது நெசந்தான். பேரு தரமாட்டேங்கான்னு ஒங்க முதலாளி இந்தப் பிள்ளையத் திட்டிக்கிட்டுத் திரியுதாராம். எங்க அண்ணன் சொல்லிச்சு."

மிக்கேல் சற்று யோசித்துவிட்டு வழிவிட்டார். ஈவாஞ்சலின் அவர் காதில் ஹெட்போனை மாட்டிச் சோதித்தாள். இடது காது ஏறக்குறைய கேட்கவே இல்லை. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னாள்.

"தெரியும்" என்றார். "எத்தனை வருசமா நடிக்கேன்! வலதையாவது காப்பாத்த வழி இருக்கா?"

"இருக்கு" என்று அவள் நாற்காலியை அவர் வலப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.