மூடி எங்கே?

"சமையல்கட்டுச் சுவரை ஒட்டித்தாங்க இருக்கு, எனக்கு நல்லாத் தெரியும்..."

"என்ன தெரியும் உனக்கு? வேலி ஓரம். வேலி ஓரம்னு எத்தனை தடவை..."

"வேலி ஓரத்துல எப்படிங்க வரும்? குளியலறை இந்தப் பக்கம் இருக்கு. தண்ணி என்ன உங்களை மாதிரி ஊரைச் சுத்திக்கிட்டா போகும்?"

"ஐயா, அம்மா, ஒரு நிமிஷம்" என்றார் புல்காரர். கையில் பசை வாளி. "யாராவது ஒருத்தர் சொல்லுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னா எனக்கு ஒண்ணும் விளங்கலை."

கொல்லையை விளையாட்டு மைதானமாக்க வந்தவர் கேட்டது சாதாரணக் கேள்விதான். செயற்கைப் புல்லை ஒட்டிவிட்டால் அப்புறம் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். கீழே செப்டிக் டேங்க் மூடி இருந்தால், அந்த இடத்தில் மட்டும் தனித் துண்டாகப் போட்டு, வேண்டும்போது தூக்கிக்கொள்ளும்படி விடுவார். கொல்லையில் ஜல்லி கொட்டுவதற்கு முன்பே கேட்டிருந்தார். "மைதானத்துக்குள்ள இல்லை, ஓரமா இருக்கு" என்றார் வீட்டுக்காரர். மனைவியும் தலையாட்டினாள். ஆளுக்கொரு ஓரத்தை நினைத்துக்கொண்டு தலையாட்டியது இப்போதுதான் வெளியே வந்தது.

"ஊர் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவர்" என்றாள் மனைவி, புல்காரரைப் பார்த்து. "சர்வேயர்னா பக்கத்து ஊர்லகூட எழுந்து நிப்பாங்க. சொந்தக் கொல்லையில ஒரு மூடியைக் காணோம்."

"காணோம்னு யார் சொன்னது? நான் அடையாளம் வச்சிருக்கேன். மூடி மேல மண்ணு ஏறிடுச்சுன்னு, அதுக்கு நேரா ரோஜாத் தொட்டியை வச்சேன்."

"எந்த ரோஜாத் தொட்டி?"

"வேலி ஓரத்துல இருக்கே, அது."

"ஐயோ! அது அடையாளத்துக்கு வெச்சதா? வெயில் படலைன்னு நான்தானே அங்கே நகர்த்தினேன்!"

"நகர்த்தினியா? எப்போ?"

"எப்போன்னா? வெயில் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம். செடிக்கு என்ன தெரியும், அது உங்க அடையாளம்னு?"

சர்வேயர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டுக் கேட்டார்: "சரி, நீ எதை வச்சுச் சுவர் ஓரம்ங்கிற?"

"துணி காயப்போடுற கம்பத்தை வச்சு. மூடிக்குப் பக்கத்துலதான் கம்பம்."

"அந்தக் கம்பத்தைப் பிடுங்கி நான் சுவர் ஓரமா நட்டேனே! துணியில காக்கா எச்சம் விழுதுன்னு நீதானே கத்தினே?"

அவள் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தாள். எச்சம் ஞாபகம் இருந்தது. கத்தியதும் ஞாபகம் இருந்தது. கம்பம் நகர்ந்தது மட்டும் சுத்தமாக நினைவில் இல்லை.

இரண்டு ஓரத்திலும் புல்காரர் கடப்பாரையால் குத்திப் பார்த்தார். மண்தான். அப்படியென்றால் மூடி நடுவில், மேசைபோல இறுகச் சமன் செய்த ஜல்லிக்குக் கீழே எங்கோ இருக்கிறது.

"உங்க மகன்கிட்டே கேட்டா என்ன?" என்றார் புல்காரர்.

"வேண்டாம்!" இருவரும் ஒரே குரலில். காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

காரணம் இருந்தது. போன மாதம் அடுப்பில் பால் கருகிப்போய் வீடெல்லாம் புகை. அதற்கு முன்னால் ஒருநாள் வாசல்கதவைத் திறந்து போட்டுவிட்டு இருவரும் கடைக்குப் போயிருந்தார்கள். "நீங்க ரெண்டு பேரும் இனிமே தனியா இருக்க வேண்டாம். என்னோட வந்திடுங்க, இந்த வீட்டை வித்துடலாம்" என்று மகன் ஆரம்பித்துவிட்டான். கெஞ்சிக் கூத்தாடி அவள்தான் இந்த மைதானத்தைப் பேசி முடித்தாள். பந்து விளையாட இடம் இருந்தால் பேரப்பிள்ளைகள் வாராவாரம் வருவார்கள். மகனும் கூட வந்து பார்த்துக்கொள்வான். சரியென்றான். ஆனால் போகும்போது சொன்னான்: "இன்னும் ஒரு மறதி, அவ்வளவுதாம்மா. பெட்டியைக் கட்டிட வேண்டியதுதான்."

"பேசாம ஒட்டிடுப்பா" என்றாள் அவள் மெதுவாக. "மூடி இல்லைன்னே வச்சுக்கோ."

"டேங்க் நிரம்பினா?" என்றார் சர்வேயர்.

"நிரம்பும்போது பார்த்துக்கலாம்."

"நிரம்பினா பார்க்க வேண்டாம்மா, தானே தெரியும்" என்றார் புல்காரர். "அதோட, இந்தப் புல் சுருள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ஞ்சு படுக்கணும். ஒண்ணு மாறிப் படுத்தாலும் வேற நிறமாத் தெரியும். நடுவுல கிழிச்சு ஒட்டினா அசிங்கமாப் போயிடும்."

"இந்த வீட்டுல எதுப்பா ஒரே பக்கம் சாய்ஞ்சு படுத்திருக்கு?"

அப்போதுதான் வாசலில் கார் நின்றது. மகன் பக்கவாட்டு வழியாக நேரே கொல்லைக்கு வந்தான். ஓரங்களில் இருந்த குழிகளைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"என்னப்பா இது? புதையல் ஏதாவது தேடுறீங்களா?"

சர்வேயர் இருமினார். அவள் முந்தானையைச் சரிசெய்தாள். புல்காரர் பாவம், பொய் சொல்லத் தெரியாதவர். "டேங்க் மூடி எங்கேன்னு தெரியலை சார்" என்றார்.

மகன் நீளமாக மூச்சு விட்டான். "பார்த்தியாம்மா? இதைத்தான் சொன்னேன். கண்ணு முன்னால இருக்கறது மறந்துபோகுது. நாளைக்கு என்ன மறப்பீங்க, யாரு கண்டா?"

"உங்கப்பாதான் கம்பத்தை..."

"உங்கம்மாதான் தொட்டியை..."

"போதும், போதும்." அவன் செருப்போடு ஜல்லியின் மேல் ஏறினான். திரும்பி வீட்டைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான், இரண்டடி பின்னால் போனான். "இதோ. இங்கேதான். சின்ன வயசுல நான் ஸ்டம்பு வச்சதே இந்த மூடி மேலதான். பந்து பட்டா டங்குனு சத்தம் வரும், அவுட். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். தோண்டுங்க."

அவன் நின்ற தோரணையில் சந்தேகத்துக்கே இடமில்லை. சர்வேயர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அலமாரியில் எந்தப் பெட்டி பெரியது என்றுகூட யோசித்துவிட்டாள்.

புல்காரர் சமன் செய்த ஜல்லியை மனமில்லாமல் விலக்கினார். கடப்பாரை இறங்கியது. டங் என்று எதுவும் கேட்கவில்லை. இன்னும் இறக்கினார். சற்றுத் தள்ளி ஒருமுறை, அதற்கும் தள்ளி ஒருமுறை.

"இங்கேயும் மண்ணுதான் சார்."

"இருக்காது. இன்னும் கொஞ்சம் ஆழமா..."

"கடப்பாரை இதுக்கு மேல நீளம் இல்லை சார்."

மகன் குழியைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். தான் நின்ற இடத்தையே மறுபடி பார்த்தான். "இங்கேதானே..." என்றான், யாரிடம் என்று இல்லாமல்.

அவள் மெல்ல ஜல்லியில் ஏறி வந்து, அவன் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"அப்போ உன்னை யாரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வச்சுக்கிறது, கண்ணு?"