சுண்ணாம்பு விரல்

சுந்தரவல்லி டீச்சருக்குப் பிரம்பு தேவைப்பட்டதே இல்லை. "விரல்!" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோச்சடையில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் கடைசி வாண்டு வரைக்கும் ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டு ஊமையாகிவிடும். காலைக் கூட்டம், சத்துணவு வரிசை, மழைக்கு ஒதுங்கிய வராந்தா, எங்கேயும் அதே வார்த்தைதான். சொல்லும்போதே தன் விரலையும் வாயில் வைத்துக் காட்டுவார். தலைமையாசிரியை ஆகிப் பிள்ளைகளுக்குப் 'பெரிய டீச்சர்' ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நியாயமான கர்வம்தான், யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த இந்துப்ரியாவுக்கு அந்த வார்த்தை உதவவில்லை. வந்த புதிதில் அவளும் சொல்லிப் பார்த்தாள். சத்தம் நின்றது, கூடவே வேலையும் நின்றது. ஒரு கை வாயில் இருந்தால் மிச்சம் இருக்கிற ஒரு கையால் எந்தப் பிள்ளை தண்ணீரை ஊற்றும், இலையைப் பிய்க்கும்? அதுகூடப் பரவாயில்லை. மண் வகைகள் பாடத்தன்று குழைத்த கையோடு விரலை வைத்ததில் வகுப்பு முழுக்கச் செம்மண் மீசை முளைத்துவிட்டது. மறுநாள் இரண்டு அம்மாக்கள் வாசலில் நின்றார்கள்.

அவள் கைதட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் திருப்பித் தட்டினார்கள், அதுவும் திருவிழா கொட்டு மாதிரி. ஒன்று முதல் பத்து வரை எண்ணிப் பார்த்தாள். பத்துக்குப் பிறகு பதினொன்று என்று அவர்களே தொடர்ந்தார்கள். எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிற குரல் முத்துமீனாவுடையது. அவள் ரகசியம் பேசினால் எதிர்த்த டீக்கடையில் தலையைத் திருப்புவார்கள்.

பக்கத்து அறை நாலாம் வகுப்பு. இடையில் இருந்தது சுவர் இல்லை, ஒரு மரத்தட்டி. அங்கே கணக்கு நடத்துவது பெரிய டீச்சரேதான்.

"என்ன டீச்சர், அறிவியல் நடத்துறீகளா, சந்தை நடத்துறீகளா?" என்று ஒரு திங்கட்கிழமை வராந்தாவில் நிறுத்திக் கேட்டார். "எம்பிள்ளைக வகுத்தல் போட்டுக்கிட்டு இருக்கு. உங்க பக்கத்துல இருந்து 'ஐயோ செத்துருச்சு'ன்னு ஒரு சத்தம். என்னதான் செத்துச்சு?"

"மண்புழு மேடம். சாகல. சும்மா சுருண்டுக்கிருச்சு."

பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்குறேன். சத்தம் அடங்கலைன்னா அந்த மேசையத் தூக்கி ஸ்டோர் ரூம்ல போட்டுருவோம். புஸ்தகத்த வச்சு நடத்துங்க. நாங்கள்லாம் அப்படிப் படிச்சுதான் வந்தோம்."

'அந்த மேசை' என்றது ஜன்னலோரம் கிடந்த நீள மேசையை. மேலே பழைய தட்டுகள், ஊறுகாய் பாட்டில்கள், ஒரு தராசு, இரண்டு பூதக்கண்ணாடி. அவ்வளவுதான் அதன் ஆஸ்தி. இந்துப்ரியாவுக்கோ அதுதான் உயிர். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று பள்ளியில் அவள் எழுதி எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறாள். கண்ணால் பார்த்தது என்னவோ ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான். அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது, இதை ஏன் யாரும் எனக்குக் காட்டவில்லை என்று. இந்தப் பிள்ளைகளையும் அப்படி விடுவதற்கு அவளுக்கு மனமில்லை.

செவ்வாயும் புதனும் அவள் பாடமே நடத்தவில்லை. வெறும் தட்டு எடுக்கப் பழக்கினாள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் தட்டை எடுக்க வேண்டும், ஒருவர் துடைக்க வேண்டும், ஒருவர் திருப்பி வைக்க வேண்டும். தட்டில் ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு இல்லாத தண்ணீரைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அமைதிக்கும் ஒரு வார்த்தை வைத்தாள். 'கை!' என்றால், யார் எங்கே இருந்தாலும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட வேண்டும். கையில் ஒன்றும் இருக்கக் கூடாது, வாயிலிருந்து ஒன்றும் வரக் கூடாது.

"போலீஸ் புடிச்ச மாதிரி டீச்சர்!" என்றாள் முத்துமீனா.

அவளுக்கு மட்டும் தனிப் பதவி கொடுத்தாள் இந்துப்ரியா. "நீதான் கை பாக்குறவ. மேசைக்கு வந்தவுக யாரும் கைய மூஞ்சிகிட்ட கொண்டுபோகக் கூடாது. முடிஞ்சதும் எல்லாரும் கைய கழுவிட்டு வந்து ஒனக்குக் காமிக்கணும். நீ சரின்னாத்தான் உக்காரணும்."

"நீங்க டீச்சர்?"

"நானுந்தான்."

வியாழக்கிழமை சோதித்துப் பார்த்ததில் பாதி வகுப்பு கையைத் தூக்கியது. மிச்சப் பாதி தூக்கிய கையோடு பேசிக்கொண்டிருந்தது. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை மஞ்சள் தாள் பாடம். முந்தின நாளே மஞ்சளைக் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவைத்திருந்தாள். எலுமிச்சைச் சாறு, சோப்புத் தண்ணீர் என்று நிறுத்தியிருக்கலாம். சோப்புக்கு வருகிற சிவப்பு கொஞ்சம் மங்கல். நன்றாகச் சிவக்கட்டுமே என்று வெற்றிலைக்கடையில் ஒரு பொட்டலம் சுண்ணாம்பும் வாங்கி வந்தாள். ஆசை யாரை விட்டது? தொடுவதற்கு ஆளுக்கொரு குச்சி கொடுத்து, வெற்றிலை போடுகிறவர்களுக்கே சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துவிடும் என்று இரண்டு தடவை சொன்னாள்.

பாடம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. தட்டுகள் வரிசையில் வந்தன, எலுமிச்சைக்குத் தாள் அப்படியே இருந்தது, சோப்புக்கு லேசாக மாறியது. சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் ரத்தமாகச் சிவந்தது.

"ஆலத்தித் தண்ணி!" என்று கத்தினாள் முத்துமீனா. "டீச்சர், ஆலத்தித் தண்ணி! எங்க அக்கா புள்ளையத் தூக்கிட்டு வந்தப்ப வாசல்ல சுத்துனாகளே, அதேதான் இது!"

அதற்கு மேல் யாரைப் பிடிப்பது? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கல்யாணம், ஒரு குழந்தை, ஒரு தட்டு ஆலத்தி. எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வந்தன. குச்சிகள் மேசைக்குக் கீழே உருண்டுபோயின. விரலால் சுண்ணாம்பைத் தொட்டு ஒருவன் பூ வரைந்தான், ஒருத்தி தன் பெயரை எழுதினாள். இந்துப்ரியா "குச்சி, குச்சி" என்று ஒவ்வொரு குழுவாக ஓடினாள். அவள் மனசும் குதித்துக்கொண்டுதான் இருந்தது, அதை மறைத்து என்ன பயன்.

அப்போதுதான் பெரிய டீச்சர் உள்ளே வந்தார். வந்தவர் சத்தம் போடவில்லை. மேசையில் கிடந்த ஒரு தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், தட்டை நகர்த்தினார். அவர் ஆள்காட்டி விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. சுற்றியிருந்த பிள்ளைகள் ஒரே நேரத்தில் அவருக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். கூரை பெயர்ந்துவிடும் போலிருந்தது.

"விரல்!" என்றார் பெரிய டீச்சர்.

வகுப்பு முழுக்க விரல்கள் உதட்டை நோக்கிக் கிளம்பின. வெள்ளை வெள்ளையான விரல்கள். முன்னால், வழக்கம்போல் செய்துகாட்டியபடி, பெரிய டீச்சரின் விரல்.

இந்துப்ரியா வாயைத் திறந்தாள். தலைமையாசிரியை சொன்னதற்கு மேலே எப்படிச் சொல்வது என்ற தயக்கம் ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்துக்குள் இன்னொரு குரல் முந்திக்கொண்டது.

"கை!"

முத்துமீனாதான். அத்தனை நாள் சந்தைக்கடைக் குரல் என்று திட்டு வாங்கிய அதே குரல்.

எல்லாக் கைகளும் தலைக்கு மேலே போயின. நேற்றுப் பேசிக்கொண்டிருந்த பாதியும் சேர்த்துத்தான். ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. வெளியே பஸ் கண்டக்டரின் விசில் தெளிவாகக் கேட்டது. மேசையோரம் இந்துப்ரியா கையைத் தூக்கி நின்றாள். நடுவில் பெரிய டீச்சரின் கையும் மேலே நின்றது, எப்படிப் போனது என்று அவருக்கே தெரியாமல்.

அவர் அண்ணாந்து தன் விரலைப் பார்த்தார்.

"சுண்ணாம்பா?"

"ஆமா மேடம்," என்றாள் இந்துப்ரியா. "மன்னிச்சுக்கங்க. நான்தான் வாங்கிட்டு வந்தேன்."

பெரிய டீச்சர், தூக்கி நின்ற பிஞ்சு விரல்களை ஒரு சுற்றுப் பார்த்தார். எத்தனை விரல்களில் வெள்ளை இருந்ததோ அத்தனைக்கும் அவர் முகம் வெளுத்தது. இத்தனை வருஷமாகச் சொன்ன வார்த்தை, கொஞ்சம் முன்னால் எங்கே போய் முடிந்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஒம் பேரு என்னத்தா?"

"முத்துமீனா, பெரிய டீச்சர்."

"கைய எறக்கலாமா?"

முத்துமீனா ஒரு தடவை இந்துப்ரியாவைப் பார்த்தாள். பிறகு பதவிக்குரிய கண்டிப்போடு சொன்னாள். "மூஞ்சிகிட்ட கொண்டுபோகாம எறக்குங்க. கழுவிட்டு வந்து எங்கிட்ட காமிக்கணும். காமிச்சாத்தான் உக்காரலாம்."

இந்துப்ரியாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

குழாயடியில் வரிசை நின்றது. கடைசி ஆளாக, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை உடம்பில் படாமல் தள்ளி நீட்டியபடி நின்றார் பெரிய டீச்சர். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் நாலாம் வகுப்பு இன்னும் வகுத்தல் போட்டுக்கொண்டிருந்தது.

முறை வந்ததும் தேய்த்துக் கழுவினார். திரும்பி வந்து, முத்துமீனாவின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள், திருப்பச் சொல்லிப் பார்த்தாள்.

"நகத்துல இருக்கு, பெரிய டீச்சர்."

சுந்தரவல்லி டீச்சர் மறுபேச்சு இல்லாமல் மறுபடியும் குழாயடிக்கு நடந்தார். வாசலைத் தாண்டும்போது மட்டும் இந்துப்ரியாவிடம், "மேசை அங்கனயே கெடக்கட்டும்," என்றார்.